சுவா ஏரிக்கரை நகரம்: கேள்வி பதில்

ஜப்பானின் நாகானோ மாகாணத்தில், சுமார் ஐம்பதாயிரம் பேர் வாழும் சுவா நகரைப் பற்றிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: மலைகளுக்கு நடுவே இந்த ஏரி எப்படி வந்தது? எரிமலை வாயா?

பதில்: இல்லை. ஜப்பானை வெட்டிச் செல்லும் இரண்டு பெரிய நிலப்பிளவுகள் இங்கேதான் சந்திக்கின்றன. நிலம் எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்தபோது நடுப்பகுதி இறங்கியது. அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கியது. கடல்மட்டத்திலிருந்து 759 மீட்டர் உயரம்; சுற்றளவு சுமார் 16 கிலோமீட்டர்; ஆழமோ அதிகபட்சம் 7 மீட்டர் அளவுதான். ஆறும் ஓடையுமாக 31 வந்து சேர்கின்றன. வெளியேறுவது தென்ரியூ ஆறு ஒன்றே.

கேள்வி: ஏரிக்குள் கோட்டை என்று படித்தேன். படத்தில் வீடுகளுக்கு நடுவே அல்லவா நிற்கிறது?

பதில்: தகாஷிமா கோட்டையை ஹினேனோ தகயோஷி 1598இல் கட்டி முடித்தபோது அதைச் சுற்றி நீர்தான், ‘மிதக்கும் கோட்டை’ என்றார்கள். பிறகு வயலுக்காகக் கரையோரத்தைத் தூர்த்துக்கொண்டே போனதில் ஏரி விலகிவிட்டது. மாடக் கட்டடத்தை 1875இல் இடித்தார்கள். இன்று இருப்பது 1970இல் மீண்டும் கட்டியது. அதற்காக மட்டும் இவ்வளவு தூரம் போகவேண்டாம் என்பது என் கருத்து.

கேள்வி: பனியின்மேல் கடவுள் நடந்த தடம் என்கிறார்களே, ஐயா, அது உண்மையில் என்ன?

பதில்: ஓமிவதாரி. ஏரி முழுதும் உறைந்தபின், இரவுக் கடுங்குளிரில் பனித்தளம் சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் ஏறும் நீரும் உறைந்துவிடும். பகலில் வெப்பம் கூடினால் பனி விரியும். விரிய இடமில்லாமல் விளிம்புகள் முட்டி மேலெழும். அந்த வரப்பைத்தான், தென்கரைக் கோயிலின் தெய்வம் வடகரையில் இருக்கும் தேவியைப் பார்க்கப் போன வழி என்கிறார்கள். வரப்பு ஓடும் திசையை வைத்து விளைச்சலுக்குக் குறி சொல்வதும் உண்டு.

எனக்குக் கதையைவிடப் பதிவேடுதான் வியப்பு. 1443 முதல் ஏரி உறைந்ததா, வரப்பு எழுந்ததா என்று எழுதி வருகிறார்கள். இப்போது அந்தப் பொறுப்பு யாத்சுருகி கோயிலுடையது. காய்ச்சல் வந்தவனுக்கு வெப்பமானி வைப்பதுபோல, தட்பவெப்ப அறிஞர்கள் இந்த ஏட்டைத் தேடி வருகிறார்கள். முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாத ஆண்டுகள் மூன்றே. 2005 முதல் 2014 வரையிலான பத்தாண்டில் மட்டும் ஐந்து. 2018இல் வரப்பு எழுந்தது. அதன்பின் தொடர்ந்து ஏமாற்றம்தான்.

கேள்வி: மரத்தூண் இழுக்கும் விழாவை எப்போது காணலாம்?

பதில்: 2028இல். பன்னிரண்டு விலங்குகளின் பெயரால் சுழலும் ஆண்டுக் கணக்கில், புலி ஆண்டிலும் குரங்கு ஆண்டிலும்தான் ஒன்பஷிரா என்ற அந்த விழா நடக்கும். சுவா பெருங்கோயிலின் நான்கு சன்னிதிகளுக்கும் நான்கு தூண்கள் வீதம் 16 மரங்கள்.

கேள்வி: மலையூரில் கைக்கடிகாரத் தொழில் எப்படி வளர்ந்தது?

பதில்: தூய காற்று, தூய நீர் என்று சொல்வார்கள், அது பாதிக் கதைதான். பக்கத்து ஊர் ஒகாயா பட்டு நூற்பில் கொழித்த ஊர். அந்தத் தொழில் சரிந்தபின் ஆலைக் கட்டடங்களும் வேலைக்குப் பழகிய கைகளும் மிஞ்சின. 1942இல் சுவாவில், மிசோ என்ற புளித்த சோயா விழுது வைத்திருந்த கிடங்கில் தாய்வா கோக்யோ என்ற கடிகார உதிரிபாக நிறுவனம் தொடங்கியது. அந்த வழியில் வந்த சுவா செய்கோஷாதான் 1969இல் செய்கோ குவார்ட்ஸ் அஸ்ட்ரானை உருவாக்கியது. படிக அதிர்வால் நேரம் காட்டும் குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களில் உலகில் முதலில் விற்பனைக்கு வந்தது அது. இன்றைய எப்சன் நிறுவனமும் அதே வழிதான்.

கேள்வி: ஒரே ஒரு நாள் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

பதில்: கதாகுரா மாளிகையின் வெந்நீர்க் குளியல். பட்டு முதலாளிகள் 1928இல் ஊர்மக்களுக்காகக் கட்டியது. தொட்டி 1.1 மீட்டர் ஆழம். அடியில் பரப்பிய கூழாங்கற்கள்மேல் நின்று குளிக்கலாம். டோக்கியோவின் ஷிஞ்சுகுவிலிருந்து அசுசா ரயிலில் இரண்டேகால் மணி நேரம் போல ஆகும். கமிசுவா நிலையத்தில் இறங்குங்கள். அங்கே நடைமேடையிலேயே கால் நனைக்க ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு.