கொழுப்புக் கல்லீரல் வராமலிருக்க வைட்டமின் ஈ, மஞ்சள் கேப்சூல் போடலாமா?

அப்பாவுக்குக் கொழுப்புக் கல்லீரல்; எனக்கு ஸ்கேன் சுத்தம், முன்கூட்டியே போடட்டுமா என்று காட்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 2010-இல் வெளியான ஆய்வில் தினம் 800 யூனிட் வைட்டமின் ஈ பலன் தந்தது உண்மை; ஆனால் சர்க்கரை நோய் இல்லாத, பயாப்சியில் (கல்லீரல் திசுவை எடுத்துச் செய்யும் பரிசோதனையில்) கொழுப்பால் வந்த கல்லீரல் அழற்சி உறுதியானவர்களுக்கு. வராமல் தடுக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. தினம் 400 யூனிட்டை ஆண்டுக்கணக்கில் எடுத்த ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் கூடியது.

குழம்பு மஞ்சளுக்குப் பயமில்லை. கேப்சூல் அப்படியல்ல: அதில் பெரும்பாலும் சேர்க்கும் பைப்பரின் என்ற மிளகுச் சத்து, மஞ்சளிலுள்ள குர்குமினை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றுகிறது, சிலருக்குக் காமாலையே வந்திருக்கிறது. கிரீன் டீ சாற்று மாத்திரையும் கல்லீரலைக் கெடுத்ததுண்டு.

எடை கூடுதலா? 80 கிலோவில் 4 கிலோ குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கும். சோற்றைப் பாதியாக்கிக் காயைக் கூட்டுங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் குறைந்த எண்ணெயிலேயே நன்றாக வதங்கும். ஆற்காடு மக்கன் பேடா போன்ற இனிப்பு விசேஷத்துக்கு மட்டும்.