மெண்டன்ஹால் பனியாறு பார்க்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

அலாஸ்காவின் ஜூனோ நகரில் ஆறு கோடைகள் சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டியாக இருந்தேன். மெண்டன்ஹால் பனியாறு (கிளேசியர்), அதன் எதிரே பாறைமேல் நிற்கும் பார்வையாளர் மையம், சுற்றியுள்ள நடைபாதைகள் பற்றி எதையும் கேளுங்கள். விசா, கப்பல் கட்டணம் எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயமில்லை. அவற்றைப் பயண முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (சியாட்டில்): அக்கா, அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. எங்கள் கப்பல் ஜூனோவில் எட்டு மணி நேரம் நிற்கும். அம்மாவால் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. மையம் பாறைமேல் இருந்தாலும் கீழிருந்து லிப்ட் உண்டு. உள்ளே அகலமான கண்ணாடி ஜன்னல்கள். உட்கார்ந்தபடியே ஏரியும் பனியும் தெரியும். அமெரிக்க வனத்துறை நாட்டிலேயே முதன்முதலாகக் கட்டிய பார்வையாளர் மையம் இதுதான், 1962இல் திறந்தது.

ஆனால் ஜன்னலோடு திரும்பிவிடாதீர்கள். 'போட்டோ பாயின்ட்' வரை போகும் பாதை அரை கிலோமீட்டர்தான். சக்கர நாற்காலியே போகும். போகும் வழியில் வெற்றுப் பாறைகளைக் குனிந்து பாருங்கள். அரத்தால் இழுத்ததுபோல் ஒரே திசையில் நீளமான கீறல்கள் இருக்கும். பனி தன் அடியில் சிக்கிய கற்களை இழுத்துக்கொண்டு போனபோது விழுந்த கோடுகள் அவை. அம்மாவின் விரலை ஒரு கீறலில் வைத்து, பனி போன திசையில் இழுத்துக் காட்டுங்கள். நான் அழைத்துப்போன முதியவர்கள் பலர் ஊருக்குத் திரும்பிய பிறகும் அதைத்தான் பேசினார்கள்.

குடை வேண்டாம், மழைக்கோட்டு எடுங்கள். அது மழைக்காடு, ஜூலையிலும் நாள் முழுக்கத் தூறும். திரும்பும் பேருந்தை ஒரு மணி நேரத்தில் வைக்காமல் இரண்டரை மணி நேரமாவது விட்டு வையுங்கள்.

கேள்வி (டாலஸ்): காரிலேயே ஜூனோ போக முடியுமா?

பதில்: முடியாது. வெளியூரிலிருந்து அந்த ஊருக்குச் சாலையே இல்லை. விமானம் அல்லது கப்பல். ஊருக்குள்ளிருந்து மையம் சுமார் 12 மைல். நகரப் பேருந்து வாசல்வரை வராது, கடைசியில் ஒன்றரை மைல் நடக்க வேண்டும். அம்மா அப்பாவோடு போனால் சுற்றுலாப் பேருந்துதான் சரி.

கேள்வி (சென்னை): பனிப்பாறையைக் கிட்டே போய்த் தொட முடியுமா?

பதில்: மையத்திலிருந்து பனியாற்றைத் தொட முடியாது, நடுவே ஏரி. கால் போகிற அளவு கிட்டே பார்க்க நகெட் அருவிக்குப் போங்கள். 377 அடி உயர அருவி, போய்வர மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், சமதளப் பாதை. அருவிச் சாரல் முகத்தில் அடிக்கும் இடத்தில் நின்றால் பனியின் நீலம் நன்றாகத் தெரியும். மேகமூட்டமான நாளில் இன்னும் ஆழமான நீலம். இறுகிய பனி சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு நீலத்தை வெளியே விடுகிறது.

வீடியோக்களில் வரும் பனிக்குகையைத் தேடி மட்டும் போகாதீர்கள். அந்தக் கூரைகள் சொல்லாமல் இடிந்து விழும்.

கேள்வி (பே ஏரியா): கைக்குழந்தை இருக்கிறது. புளியோதரை, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்து சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். நடைபாதைகளில் தண்ணீர் தவிர எதற்கும் அனுமதி இல்லை. பக்கத்து ஸ்டீப் கிரீக் ஓடையில் கோடைப் பின்பகுதியில் சாக்கை சால்மன் மீன்கள் முட்டையிட ஏறி வரும்; அவற்றைத் தின்னக் கருங்கரடிகள் வரும். உயர்த்திக் கட்டிய மரப்பாலத்தில் நீங்கள் நிற்க, காலுக்குக் கீழேயே தாய்க்கரடி குட்டியோடு போவதுண்டு. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி ஆளைத் தேடி வரும். கடைசியில் சாவது அந்தக் கரடிதான். கிளம்பும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். குழந்தைக்கு வேண்டியதை எங்கே கொடுக்கலாம் என்று அங்கிருக்கும் ஊழியரிடம் கேளுங்கள், வழி சொல்வார்கள்.

கேள்வி (கோவை): சென்னை நண்பர் பனிப்பாறை என்று கேட்டால் நீங்கள் பனியாறு என்று மாற்றுகிறீர்கள். செய்தித்தாள்கள் எல்லாம் பனிப்பாறை என்றுதானே எழுதுகின்றன?

பதில்: எழுதுகின்றன, அதனால்தான் குழப்பம். டைட்டானிக் மோதியதும் பனிப்பாறை, இமயத்தில் உருகுவதும் பனிப்பாறை என்றால், மெண்டன்ஹால் ஏரிக்கரையில் நின்று என்ன சொல்வீர்கள்? அங்கே இரண்டும் ஒரே பார்வையில் இருக்கும். பின்னால் மலையிலிருந்து இறங்குவது பனியாறு. அதிலிருந்து உடைந்து ஏரியில் மிதப்பது பனிப்பாறை.

கேள்வி (டொரொண்டோ): நாங்கள் யாழ்ப்பாணத்தில் புவியியலில் பனிக்கட்டியாறு என்றே படித்தோம். நீங்கள் கட்டியை ஏன் விட்டீர்கள்?

பதில்: உங்கள் சொல் என்னுடையதைவிடத் துல்லியம், ஒப்புக்கொள்கிறேன். பேருந்தில் சொல்லிச் சொல்லிச் சுருங்கிவிட்டது. 'ஆறு' இருக்கிறதல்லவா, அதுதான் எனக்கு முக்கியம்.

கேள்வி (கோவை): மன்னிக்கவும், மறுபடியும் நான்தான். கண்ணுக்கு அசையாமல் நிற்பதை ஆறு என்பது எப்படி?

பதில்: நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். மேலே ஜூனோ பனிவெளி என்று சுமார் 1,500 சதுர மைல் பரப்பு. அங்கே விழும் பனி கோடையில் முழுக்கக் கரையாமல் வருடம் வருடமாகச் சேர்ந்து, தன் பாரத்தாலேயே நசுங்கிக் கட்டியாகிறது. அந்தக் கட்டி தன் எடையிலேயே வளைந்து, நெகிழ்ந்து, பள்ளத்தாக்கு வழியாக 13 மைல் இறங்கி வருகிறது. ஆறு மணலைக் கொண்டுவருவதுபோல இது பாறையை மாவாக அரைத்துக் கொண்டுவருகிறது. ஏரித் தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருப்பது அந்த மாவால்தான். முதல் பதிலில் சொன்ன கீறல்களை நினைத்துப் பாருங்கள். நிற்கிற பாறை அப்படிக் கோடு போடுமா? அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ட்லிங்கிட் மக்கள் இதற்கு வைத்த பெயரின் பொருள் 'சின்ன ஏரிக்குப் பின்னால் இருக்கும் பனியாறு'. மெண்டன்ஹால் என்பது 1890களில் ஒரு விஞ்ஞானியின் நினைவாக வந்த பெயர்.

கேள்வி (மதுரை): பனிமேல் ஏறி நிற்க முடியுமா, தொட முடியுமா?

பதில்: சென்னைக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (அட்லாண்டா): ஆகஸ்டில் வெள்ளம் வருவதாகச் செய்தியில் பார்த்தோம். பயணத்தை ரத்து செய்யலாமா?

பதில்: ரத்து வேண்டாம், எச்சரிக்கையைக் கவனியுங்கள். பனியாற்றின் பக்கவாட்டில் சூசைட் பேசின் என்றொரு பள்ளம். முன்பு அதை நிரப்பியிருந்த சிறு பனியாறு பின்வாங்கிவிட்டது. இப்போது உருகிய நீரும் மழையும் அதில் தேங்குகின்றன. மெண்டன்ஹால் பனியே அணையாக நிற்கிறது. அழுத்தம் கூடியதும் நீர் பனிக்கு அடியில் வழி கண்டு மொத்தமாக வெளியேறும். 2011லிருந்து இது நடக்கிறது. 2023 ஆகஸ்டில், ஏரியிலிருந்து ஓடும் மெண்டன்ஹால் ஆற்றின் கரையில் வீடுகள் சரிந்தன. 2025 ஆகஸ்டில் அந்த ஆற்றின் நீர்மட்டம் 16.65 அடியைத் தொட்டது, அதுவரை கண்டிராத உயரம். வானிலைத் துறை முன்கூட்டியே அறிவிக்கும். அந்த நாள்களில் பாதைகளை மூடினால் தடுப்பைத் தாண்டாதீர்கள்.

கேள்வி (மினியாபோலிஸ்): டிசம்பரில் போகிறோம். எங்கள் ஊரில் உறைந்த ஏரிமேல் கார் ஓட்டுவோம். அங்கே நடந்தே பனியாற்றுக்குப் போகலாமே?

பதில்: தம்பி, உங்கள் ஊர் ஏரி வேறு. இங்கே உறைந்த ஏரியில் சிக்கியிருக்கும் பனிப்பாறைகளின் ஓரங்களில் பனி மெல்லியது. குளிர்காலத்திலும் அவை உருளும், பனியாற்று முகம் உடைந்து விழும். காலடிப் பனி நொறுங்கினால் தூக்கிவிட ஆள் வரும்வரை அந்தத் தண்ணீரில் தாக்குப்பிடிக்க முடியாது. குகையும் அப்படியே. தயவுசெய்து போகாதீர்கள்.

கேள்வி (பெங்களூரு): என் மகள் வளரும்போது இது இருக்குமா?

பதில்: பனியாறு இருக்கும். ஆனால் சில பத்தாண்டுகளில் மையத்தின் ஜன்னலிலிருந்து தெரியாது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. நீங்கள் பார்க்கப்போகும் ஏரியே 1929 வாக்கில்தான் உருவாகத் தொடங்கியது. அதற்கு முன் அந்த இடமெல்லாம் பனி. வழியில் ஆண்டு எழுதிய பலகைகள் உண்டு, பனியின் முனை அந்த வருடம் அங்கே நின்றது என்று பொருள். மகளை ஒவ்வொரு பலகையிலிருந்தும் அடுத்ததுவரை நடக்கச் சொல்லுங்கள். முடிந்தால் இந்தக் கோடையிலேயே கூட்டிப்போங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): அக்கா, கோபப்படாதீர்கள். கையால் தொட வழியே இல்லையா?

பதில்: கோபமில்லை, பயம்தான். சரி, ஒரு வழி உண்டு. நகெட் அருவிப் பக்கத்து மணல் கரையில் சில நாள் சிறு பனித்துண்டுகள் ஒதுங்கிக் கிடக்கும். தண்ணீருக்குள் இறங்காமல், கரையில் கிடப்பதை மட்டும் எடுங்கள். கண்ணாடிபோல் இருக்கும், உள்ளே மணிமணியாய்க் காற்றுக் குமிழ்கள். காதருகே வைத்தால் உருகும்போது சின்னச் சின்ன வெடிப்பாய்ச் சத்தம் கேட்கும். பனி இறுகிய காலத்தில் சிக்கிய காற்று வெளியேறும் சத்தம் அது. கேட்டுவிட்டுக் கரையிலேயே வைத்துவிடுங்கள்.