கிடக்கிற சுள்ளிக்கும் அனுமதியா? வன நிலத்தில் விறகு, விதை எடுப்பது பற்றி ஒரு கேள்வி பதில்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் வனத்துறை நிலங்களிலிருந்து விறகு, கட்டை, விதை எடுப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

நங்கநல்லூரிலிருந்து ஒருவர்: மொட்டைமாடியில் நாட்டு மர நாற்று வளர்த்து விற்கிறேன். கிண்டி தேசியப் பூங்கா ஓரம் குருந்து, உசில் விதை கொட்டிக் கிடக்கிறது. மிதிபட்டு வீணாகப் போவதை எடுத்தால் என்ன?

எடுக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வன உயிரினம்’ என்பது விலங்கு மட்டுமல்ல. வாழிடத்தின் பகுதியாக உள்ள செடிகொடிகளும் அதில் அடக்கம். உதிர்ந்த விதையும் காய்ந்த சுள்ளியும் வன விளைபொருள்தான்.

சரணாலயத்துக்குப் பிரிவு 29, தேசியப் பூங்காவுக்குப் பிரிவு 35(6). இரண்டும் ஒரே பூட்டு, அதற்குச் சாவி மூன்று. தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். அதை எடுப்பது அங்குள்ள வன உயிரினத்தின் நலனுக்கே தேவை என்று மாநில அரசு, வன உயிரின வாரியத்தைக் கலந்து, முடிவுக்கு வந்திருக்க வேண்டும். எடுத்த பொருள், அங்கேயும் அக்கம்பக்கத்திலும் வாழும் மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டுமே போகலாம், வணிகத்துக்குக் கூடாது. உங்களுடையது விற்பனை என்பதால் மூன்றாவதிலேயே கதவு மூடிவிடுகிறது. வாசலில் இருந்தவர் தலையாட்டினார் என்பதெல்லாம் அனுமதி ஆகாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான மீறல்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இதே விதைகளுக்கு வேறு வழி இருக்கிறது. கிண்டிக் காட்டிலிருந்து பிரிந்த நிலத்தில்தான் ஐஐடி வளாகம் இருக்கிறது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கரிலும் புதர்க்காடு உண்டு. இவை தேசியப் பூங்கா அல்ல, வளாக நிர்வாகத்திடம் கடிதம் கொடுத்துக் கேட்கலாம். வண்டலூரை அடுத்த கொளப்பாக்கத்தில் வனத்துறையின் ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள். எங்கே வாங்கினாலும் ரசீதோ கடிதமோ கையில் இருக்கட்டும். நாளை யாராவது ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால் காட்ட வேண்டியது அதுதான்.

பெரம்பூரில் மரவேலை செய்பவர்: வர்தா புயலில் கிண்டியில் அவ்வளவு மரம் சாய்ந்ததே. டெண்டர் விட்டால் எங்களைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்வோமே?

விட முடியாது. காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000 பிப்ரவரி 14 அன்று போட்ட உத்தரவு, பட்டுப்போன மரம், நோய் கண்ட மரம், காற்றில் விழுந்த மரம், மிதந்து வந்த கட்டை, புல் எதையும் தேசியப் பூங்காவிலிருந்தும் சரணாலயத்திலிருந்தும் அகற்றத் தடை விதித்தது. களை நீக்குதல், தீத்தடுப்புக் கோடு போன்ற பராமரிப்புக்குப் பிறகு இடம் கிடைத்தது. மர விற்பனைக்கு இல்லை. பட்ட மரத்தை விற்கலாம் என்று திறந்துவிட்டால், பச்சை மரம் ‘பட்டுப்போக’ ரொம்ப நாள் ஆகாது. தவிர, விழுந்த கட்டை உளுத்து, கரையான் ஏறி, மண்ணாகிறவரை அந்தக் காட்டுக்கு அது தீனி. கிண்டி மொத்தமே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். அதிலிருந்து லோடு லோடாக எடுத்தால் என்ன மிஞ்சும்?

உங்களுக்கு வேண்டியது சாலையோர மரம். புயலில் மாநகராட்சி நிலத்தில் விழுந்ததற்கு மண்டல அலுவலகத்தின் பூங்காத் துறையைக் கேளுங்கள். பணம் கட்டிய ரசீது இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். நின்றுகொண்டிருக்கும் மரம் அரசு நிலத்தில் இருந்தால், ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழு ஒப்புதல் இல்லாமல் வெட்ட முடியாது.

தூங்குமூஞ்சிக் கட்டை கடைசலுக்கு நன்றாக வரும். மயில்கொன்றை வேண்டாம், மென்மரம், பூச்சி சீக்கிரம் பிடிக்கும். எதுவானாலும் அறுத்த அன்றே இரு முனைகளிலும் மெழுகோ பெயின்ட்டோ பூசுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாகப் போவதால்தான் கட்டை நட்சத்திரம் மாதிரி வெடிக்கிறது. பலகையாக்கி, காற்று போக இடையில் பட்டி (சிறு குச்சி) கொடுத்து நிழலில் அடுக்கினால், ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு என்பது பழைய கணக்கு.

பலர் கேட்டது: ஓர் இடம் சரணாலயமா, காப்புக்காடா, வெறும் புறம்போக்கா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. எடுப்பது கைப்பிடி விதையா, ஒரு லாரிச் சுமையா என்பது அடுத்த பேச்சு.

சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) அந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அதே எண்ணை வனச்சரகரிடம் காட்டி எழுத்தில் கேளுங்கள். எல்லைக் கல்லை மட்டும் நம்ப வேண்டாம், பல இடங்களில் அது புதைந்தோ பெயர்ந்தோ போயிருக்கும்.

கிண்டி தேசியப் பூங்கா. வேடந்தாங்கல், கரிக்கிலி, பழவேற்காடு சரணாலயங்கள். நன்மங்கலம் காப்புக்காடு, அங்கே 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம் பேசும், பார்க்க வேண்டியவர் மாவட்ட வன அலுவலர். பள்ளிக்கரணையில்தான் குழப்பம். சதுப்பின் ஒரு பகுதி காப்புக்காடு, மீதி வேறு வேறு துறைகளிடம். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்ததால் மட்டும் அது சரணாலயம் ஆகிவிடவில்லை. அதற்காக இஷ்டத்துக்குக் கோரை அறுக்கலாம் என்றும் அர்த்தமில்லை.

தாம்பரத்திலிருந்து முனைவர் பட்ட மாணவி: வறண்ட பசுமைமாறாக் காட்டு மரங்களின் விதை முளைப்பு பற்றி ஆராய்ச்சி. கிண்டியிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்துவிட்டது, அண்ணா.

ஆராய்ச்சிக்கு வழி உண்டும்மா. உள்ளே நுழைய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 28-இல் அனுமதி. ஆனால் நுழைவு அனுமதி வேறு, எடுத்துச்செல்லும் அனுமதி வேறு. விண்ணப்பங்கள் திரும்புவதற்கு முக்கியக் காரணம், முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதும் அதிலேயே அடங்கும் என்று நினைத்துக்கொள்வது. ‘இன்ன இனத்தின் விதை, இத்தனை கிராம், வெளியே எடுத்துச்செல்ல’ என்று தனி வரியாக எழுது.

உன் பெயரில் மட்டும் போடாதே. துறைத் தலைவர் கையெழுத்தோடு கல்லூரி வழியாக, தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு முகவரியிட்டு, கிண்டியில் உள்ள வன உயிரினக் காப்பாளருக்கு ஒரு நகல். ஒவ்வொரு இனத்துக்கும் அறிவியல் பெயர் வேண்டும். ‘மற்றும் பிற இனங்கள்’ என்று ஒரு சொல் இருந்தால் அந்தத் தாள் அங்கேயே நின்றுவிடும்.

அளவைக் கணக்கோடு காட்டு. 300 நாற்று வேண்டும், முளைப்பு 40 சதவீதம் என்று வைத்தால் 750 விதை தேவை. நூறு விதையை எடை போட்டு 20 கிராம் வந்தால், 750-க்கு 150 கிராம். ‘ஒரு கிலோ’ என்று வாய்க்கு வந்ததை எழுதினால் ஏன் என்று கேட்பார்கள், உன்னிடம் பதில் இருக்காது. விதை வங்கிகள் வைத்திருக்கும் வரம்பையும் சேர்: அன்றைக்கு முற்றி இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. மீதி பறவைக்கும் மானுக்கும் மண்ணுக்கும்.

எந்த மாதம், எத்தனை நாள், கூட வருபவர் யார், அடையாள அட்டை எண், வண்டி எண், பொறுக்குவதா பறிப்பதா, மாதிரி எந்த உலர்தாவரக் கூடத்தில் சேரும், முடிவு அறிக்கை எப்போது தருவாய் என்பதெல்லாம் இருக்கட்டும். பழுக்கும் பருவத்துக்குப் பல மாதம் முன்பே கொடு. அனுமதி வருவதற்குள் விதை கொட்டித் தீர்ந்துவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். உள்ளே போகும் நாளில் உத்தரவின் மூலமும் இரண்டு நகலும் கையில் வை. முந்தைய நாளே வனவருக்குச் சொல்லிவிடு, ஆள் கூட வந்தால்தான் வேலை நடக்கும்.

வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் பொருள் அனுப்பும் எண்ணம் இருந்தால் அது வேறு சட்டம், 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம். தேசியப் பல்லுயிர் ஆணையம் தரமணியில்தான் இருக்கிறது. அனுப்பும் முன்னால் அங்கே கேள், அனுப்பிவிட்டுக் கேட்காதே.

அனகாபுத்தூரிலிருந்து: முறையாக அனுமதி வாங்கித்தான் இலுப்பை, நாவல், சரக்கொன்றை விதை எடுத்தோம். மூன்று மாதம் கழித்து விதைத்தோம். ஒன்றுகூட முளைக்கவில்லை.

மூன்றும் ஒரே சாதி இல்லை. இலுப்பையும் நாவலும் ஈர விதை. காய்ந்தால் உள்ளே இருக்கும் கரு செத்துவிடும். நாவல் ஓரிரு வாரம், இலுப்பை சில வாரம் தாங்கினால் அதிகம். சதையைக் கழுவி, நிழலில் நீர் மட்டும் வடியவிட்டு, அந்த வாரமே மண்ணில் போட வேண்டும். வெயிலில் காயவைத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் பூட்டினீர்கள் என்றால் அன்றைக்கே கதை முடிந்தது. வேம்பும் இந்தப் பக்கம்தான்.

சரக்கொன்றை நேர் எதிர். ஓடு கெட்டி, தண்ணீரே உள்ளே போகாது. உங்கள் விதை இன்னும் உயிரோடு இருக்கும், தோண்டி எடுங்கள். உப்புத்தாளில் ஓரத்தை மட்டும் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் போட்டால் உப்பும். உப்பாததை மறுபடி தேய்க்க வேண்டும். உசிலுக்கும் இதே வைத்தியம். புங்கம் நடுவில் நிற்கிறது, காயவைத்து ஓராண்டு வரை வைக்கலாம்.

மதுராந்தகம் பக்கத்திலிருந்து: எங்கள் பட்டா நிலம் வேடந்தாங்கல் ஏரியிலிருந்து 3 கிலோமீட்டர். சொந்த வேலிக் கருவேலத்தை விறகுக்கு வெட்டக்கூட அனுமதியா?

1998 அறிவிப்பின்படி ஏரியும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டரும் சரணாலயம். உங்கள் பட்டா அதற்குள்தான் வருகிறது. உங்களுக்கு உரிமையே இல்லை என்று ஆகிவிடாது, அதே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 24-இன் கீழ் தொடர அனுமதித்த உரிமைகள் தொடரும். ஆனாலும் கோடாரியைத் தூக்கும் முன் பட்டா, சிட்டா நகலோடு வனச்சரகருக்கு ஒரு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை மரத்தில் கூடு இருந்தால் தொடவே வேண்டாம். பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதைச் சட்டம் ‘வேட்டை’ என்ற விளக்கத்துக்குள்தான் வைத்திருக்கிறது. விறகுக்காக வேட்டை வழக்கு வாங்க வேண்டுமா?

செங்கல்பட்டு இருளர் குடியிருப்பிலிருந்து: தாத்தா காலத்திலிருந்து காப்புக்காட்டில் மூலிகையும் தேனும் எடுக்கிறோம். இப்போது தடுக்கிறார்கள், ஐயா.

உங்களுக்குப் பொருந்துவது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். காலங்காலமாக எடுத்துவரும் சிறு வன மகசூலுக்குப் பிரிவு 3(1)(இ) உரிமையே தருகிறது. எடுக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் சேர்த்து. தேன், மெழுகு, மூலிகை, கிழங்கு, மூங்கில், சுள்ளி எல்லாம் அதில் வரும். வெட்டுமரம் வராது.

கிராம சபையின் வன உரிமைக் குழுவில் கோரிக்கை மனு கொடுங்கள். அது உட்கோட்டக் குழு, பிறகு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு என்று மேலே போகும். ஆதாரம் குறைந்தது இரண்டு வேண்டும், பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் கொடுத்தால் அதுவும் ஒன்று. தனித்தனியாகப் போடுவதைவிடச் சமூக உரிமையாகச் சேர்ந்து கேட்பது வலு. கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது தடுத்தால், மனு எண்ணைச் சொல்லி, எழுத்தில் உத்தரவு கேளுங்கள்.

ஒரு பள்ளி ஆசிரியர்: மாணவர்களோடு நன்மங்கலத்தில் விதைப்பந்து எறியலாமா?

வேண்டாம், சார். காப்புக்காட்டில் நுழையவே அனுமதி வேண்டும். எறிகிற பந்தில் பெரும்பாலும் அந்தப் புதர்க்காட்டில் இல்லாத மரம்தான் இருக்கும்.

போரூரிலிருந்து: சீமைக் கருவேலம் அழிக்க வேண்டிய மரம்தானே? வெட்டிக் கரி போட யாரைக் கேட்க வேண்டும்?

மரத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பாருங்கள். சரணாலயத்துக்கு வெளியே உள்ள சொந்தப் பட்டாவில் தடையில்லை. ஏரி என்றால் பெரும்பாலும் நீர்வளத்துறை அல்லது உள்ளாட்சி, ஏலம் எடுத்தவர் மட்டுமே வெட்டலாம். வனத்துறை நிலத்தில், அந்நிய மரம் என்பதற்காக நீங்களாகப் போக முடியாது. முதுமலையில் மஞ்சள் கொன்றையை அகற்றும் வேலைக்கே அரசு உத்தரவு போட்டுத்தான் கட்டையைத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். வெட்டுகிற இடத்தில் தூரோடு எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கு ஒன்று நான்காகத் துளிர்க்கும். ஏல ஒப்பந்தத்தில் ‘வேரோடு’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

அம்பத்தூரிலிருந்து: ஊரில் சொந்த நிலத்துத் தேக்கு, சென்னைக்குக் கொண்டுவர வேண்டும்.

சொந்த மரம் என்றாலும் தேக்கு, ஈட்டி, சந்தனம், செம்மரத்துக்கு வனத்துறையின் கடவுச்சீட்டு (கட்டையைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டு) வேண்டும். வெட்டும் முன்பே மனு கொடுத்தால், வனவர் நின்ற மரத்தைப் பார்த்து அளந்துகொள்வார். வெட்டிய பிறகு போனால், அந்தக் கட்டை அந்த நிலத்து மரம்தான் என்று நிரூபிப்பது உங்கள் வேலையாகிவிடும். அதுவரை அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிடாதீர்கள்.