வெயில் ஊரில் பைக்குக்கு 10டபிள்யூ-30 தாங்குமா, கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுவது நல்லதா?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் பதில்: மேனுவலில் 10டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். ஆனால் நம்பரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கேனின் பின்பக்கம் ஜேசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் கிளட்ச்சுக்கு ஒத்துவரும் ஆயில் என்பதற்கான ஜப்பான் தரக்குறி) என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சேலத்தில் 125 சிசி பைக் ஓட்டுகிறீர்கள், அவ்வப்போது ஏற்காடு ஏறுகிறீர்கள், "நம்ம ஊரு வெயிலுக்குத் தண்ணி ஆயில் தாங்காது, 20டபிள்யூ-50 ஊத்து" என்று மெக்கானிக் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். கியர் வண்டி, வாங்கி அதிக வருடம் ஆகியிருக்காது, எஞ்சினில் வேறு கோளாறு இல்லை என்று எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்தத் "தண்ணி ஆயில்" என்ற பேச்சால்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன். கோரிமேடு பக்கம் அப்பா ஆரம்பித்த ஆயில், ஸ்பேர்ஸ் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கல்லாவில் ஒரு பெண் இருப்பதைப் பார்த்ததும், "அண்ணன் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு வாசலிலேயே நிற்பவர்கள் இன்னும் வருகிறார்கள். அவர்களுக்கும் நான்தான் கேனை எடுத்துக் கொடுக்கிறேன். அவர்கள் மூடியைத் திறந்து, ஒரு சொட்டைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தடவி, விரலை ஒட்டி ஒட்டிப் பிரிப்பார்கள். நூல் மாதிரி இழுத்தால் நல்ல ஆயில், சட்டென்று விட்டுவிட்டால் தண்ணி ஆயில். தீர்ப்பு அங்கேயே முடிந்துவிடும்.

விரலில் தொட்டுப் பார்க்கும்போது ஆயிலின் சூடு 30, 35 டிகிரி. ஓடுகிற எஞ்சினுக்குள் அது வேலை செய்வது 100 டிகிரியை ஒட்டிய சூட்டில். 40 டிகிரியில் 10டபிள்யூ-30 ஆயிலின் பிசுக்குமை, அதாவது கெட்டித்தன்மை, சுமார் 65, 70 சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்கும் அலகு) இருக்கும். 20டபிள்யூ-50 அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. அதனால்தான் விரலுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரிகிறது. 100 டிகிரிக்குப் போனால் இரண்டுமே இளகிவிடும். கேனில் கடைசியாக வரும் 30, 50 என்ற எண் இந்தச் சூட்டுக்கான கிரேடு. அங்கே 30 கிரேடு 9.3க்கும் 12.5க்கும் நடுவில் இருக்க வேண்டும், 50 கிரேடு 16.3க்கும் 21.9க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது எஸ்ஏஇ ஜே300 என்ற தரநிலையின் கணக்கு. 150 டிகிரியில், வேகமாகச் சுழலும் பேரிங்குக்குள் நசுங்கும்போது எவ்வளவு தாங்குகிறது என்பதற்குத் தனிச் சோதனையே இருக்கிறது. அதில் 30 கிரேடு குறைந்தது 2.9 சென்டிபாய்ஸ் (இதுவும் கெட்டித்தன்மை அலகுதான்) காட்டியாக வேண்டும். உங்கள் எஞ்சினின் பேரிங் இடைவெளி, ஆயில் பம்ப், ஆயில் போகிற துளை எல்லாம் அந்த 30 கிரேடை மனதில் வைத்துத்தான் செய்யப்பட்டிருக்கின்றன.

முதலில் வரும் எண்ணும் டபிள்யூவும் குளிர்காலக் கணக்கு. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியிலும், 10டபிள்யூ என்றால் மைனஸ் 25 டிகிரியிலும் எஞ்சினைச் சுழற்றவிடும் அளவுக்கு இளக்கமாக இருக்கிறதா என்று சோதிப்பார்கள். மார்கழியில் சேர்வராயன் கோயில் மேட்டில் விடிய விடிய வண்டியை நிறுத்தினாலும் நமக்கு அந்தக் குளிர் வராது, அதனால் 20டபிள்யூ உறைந்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அதற்காக முதல் எண்ணே நமக்குத் தேவையில்லை என்றும் ஆகிவிடாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே ஹெட் வரை போய்ச் சேர வேண்டும். இளக்கமானது சீக்கிரம் போகும். எஞ்சின் தேய்மானத்தில் அந்தக் குளிர்ந்த ஸ்டார்ட்டுக்கும் பங்கு உண்டு.

வெயில் ஊர் என்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஏர் கூல்டு எஞ்சினுக்கு வெளிக்காற்று 28 டிகிரியா 40 டிகிரியா என்பது ஓரளவு முக்கியம்தான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு இரண்டாவது கியரில் ஏறினால் எஞ்சின் நன்றாகச் சூடேறும். ஆனால் இந்த வண்டிகள் இந்தியாவில் விற்பதற்காகவே செய்யப்பட்டவை. சித்திரை வெயிலும் மலை ரோடும் சேலத்துக்கு மட்டும் உரியவை இல்லை, அதையெல்லாம் பார்த்துத்தான் மேனுவலில் எழுதுகிறார்கள்.

இனி எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்கிறேன்.

நாகலூர் பக்கம் காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் அண்ணன் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். வாரக் கடைசியில் சேலத்து வீட்டுக்கு வந்து, திங்கள் காலை மேலே ஏறுவார். ஒரு முறை எங்கள் கடை பூட்டியிருந்ததால் வேறு இடத்தில் ஆயில் வாங்கி மாற்றியிருக்கிறார். மேனுவலைப் பார்த்து 10டபிள்யூ-30தான் வாங்கினார். அடுத்த திங்கள் 60 அடி பாலம் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம்தான் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, ஓரம் கட்டி, வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மெக்கானிக்கிடம் போனார். அவர் பார்த்ததும் சொன்னது: "தண்ணி மாதிரி ஆயில ஊத்திக்கிட்டு மலை ஏறுனா கிளட்ச் எப்படிப் புடிக்கும்?" டிரெயின் பண்ணிவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றினார். கிளட்ச் பிடிக்க ஆரம்பித்தது, வண்டியும் ஏறியது. அதன் பிறகு, "அந்தப் பாப்பா 10டபிள்யூ-30 ஊத்தச் சொல்லி வண்டியே கெட்டுது" என்று அந்தத் தெரு முழுக்கப் பேச்சு. நான் விற்காத கேனுக்கு என் கடையின் பெயர் அடிபட்டது.

அண்ணனிடம் மிச்சம் இருக்கும் கேனைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு லிட்டர் கேன், அடியில் கொஞ்சம் ஆயில் இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பினால் ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் வட்ட முத்திரை. நடுவில் எஸ்ஏஇ 10டபிள்யூ-30. மேல் வளைவில் ஏபிஐ சர்வீஸ் எஸ்என். கீழ் வளைவில் "ரிசோர்ஸ் கன்சர்விங்". ஜேசோ என்ற சொல் எங்கேயும் இல்லை. அது கார் ஆயில்.

காரில் கிளட்ச் தனியாக, உலர்ந்து இருக்கும். நம் பைக்கில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில், கிளட்ச் பிளேட் அந்த ஆயிலிலேயே மூழ்கிக் கிடக்கிறது. எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்று கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்ப்பார்கள். கீழ் வளைவில் "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்று இருந்தால் பைக்குக்கு அது எச்சரிக்கை. எஞ்சினுக்கு நல்லது செய்யும் அதே மருந்து கிளட்ச் பிளேட்டை வழுக்க வைக்கும். ஜப்பான்காரர்கள் இதற்காகவே 1990களின் கடைசியில் ஜேசோ டி903 என்ற தரநிலையைக் கொண்டுவந்தார்கள். பிடிப்பு இருக்கும் ஆயில் எம்ஏ, அதிலேயே பிடிப்பு அதிகம் எம்ஏ2. வழுக்குவது எம்பி. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்பி சரி, ஏனென்றால் அதன் கிளட்ச் ஆயிலில் இல்லை.

ஆக, அண்ணனின் வண்டி வழுக்கியது 30 கிரேடால் இல்லை. மெக்கானிக் ஊற்றிய 20டபிள்யூ-50 கேனில் ஜேசோ எம்ஏ என்று அச்சாகியிருந்தது. கிளட்ச் பிடித்ததற்குக் காரணம் அந்த எம்ஏ, 50 என்ற எண் இல்லை. இரண்டு கேனையும் கல்லா மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த மெக்கானிக்கையே கூப்பிட்டுக் காட்டினேன். "அதெல்லாம் கம்பெனிக்காரன் ஒட்டுற ஸ்டிக்கரும்மா" என்றார். அடுத்த ஆயில் மாற்றத்துக்கு அண்ணன் என் பேச்சைக் கேட்டு 10டபிள்யூ-30, எம்ஏ2 ஊற்றினார். இன்றைக்கும் அதையேதான் ஊற்றி ஏறுகிறார், ஒரு வளைவில்கூட வழுக்கவில்லை. அவருடைய கிளட்ச் பிளேட் தப்பித்தது. எல்லாருக்கும் தப்பிக்காது. வழுக்குகிற கிளட்ச்சோடு நிறைய நாள் ஓட்டினால் பிளேட் கருகி, மாற்றியே ஆக வேண்டும்.

கிளட்ச் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சனி, ஞாயிறில் ஏற்காடு ரோட்டில் போய்ப் பாருங்கள். இறங்குகிற சுற்றுலா வண்டிகள் வளைவுக்கு நடுவே நிறுத்திப் போட்டோ எடுக்கின்றன. குரங்குக்கு பிஸ்கட் போடுகிறார்கள். காபி மூட்டை ஏற்றிப் போகிற பிக்கப் மேடு நடுவில் நின்று, அரை கிளட்ச்சில் நடுங்கித் திரும்பவும் கிளம்ப வேண்டியிருக்கிறது. மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது 2017இல் வந்த மத்திய அரசின் ஓட்டுநர் ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. மேலே வசிப்பவர்களுக்கு இது பிக்னிக் ரோடு இல்லை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற ரோடு. இதைக் கேட்கவும் ஆளில்லை, சொன்னால் கேட்பாரும் இல்லை.

சரி, ஆயிலுக்கு வருகிறேன். ஏபிஐ எழுத்துக்களையும் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்ஸில் தொடங்கினால் பெட்ரோல் எஞ்சின், சியில் தொடங்கினால் டீசல். எஸ்ஸுக்கு அடுத்த எழுத்து தள்ளிப்போகப் போக ஆயில் புதிய தலைமுறை: எஸ்எல் 2001, எஸ்என் 2010, எஸ்பி 2020, கடைசியாக 2025இல் எஸ்க்யூ. மேனுவலில் எஸ்எல் என்று இருந்தால் எஸ்எல்லோ அதற்குப் பிந்தையதோ ஊற்றலாம், முந்தையது வேண்டாம். எஸ்எஃப், எஸ்ஜி என்று போட்ட மலிவுக் கேன்கள் இன்னும் கண்ணில் படும். அவை 1980கள், 1990களின் தொடக்கத்தில் வந்த எஞ்சின்களுக்கான தரம். பைக்குக்கு எவ்வளவு உயர்ந்த எழுத்து இருந்தாலும் ஜேசோ எம்ஏ இல்லையென்றால் வாங்காதீர்கள்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் பிக்கப், கார்களில் பெரும்பாலும் புகைக்கரி வடிகட்டி இருக்கும். அதில் சேரும் கரி எரிந்துவிடும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அடைத்துக்கொண்டே போகும். அதற்காகச் சாம்பல் குறைந்த ஆயில், ஏபிஐயின் சிகே-4 அல்லது ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ சி3 என்று மேனுவல் கேட்கும். "15டபிள்யூ-40 எல்லாம் ஒண்ணுதான்" என்று பழைய சிஐ-4 கேனை ஊற்றிவிட்டு, மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்காக வடிகட்டிக்குப் பல ஆயிரம் செலவழிக்காதீர்கள்.

இப்போது சண்டைக்கு வருபவர்களுக்கு. "என் வண்டி வருஷக்கணக்கா 20டபிள்யூ-50லதான் ஓடுது" என்பீர்கள். ஓடும். ஒரு நாளில் எஞ்சின் போய்விடும் என்று நான் சொல்லவே இல்லை. அந்த கிரேடுக்காகவே செய்த பழைய எஞ்சின்கள் இருக்கின்றன, அவற்றுக்கு அதுதான் சரி, நானே விற்கிறேன். 10டபிள்யூ-30 கேட்கும் வண்டியில் ஊற்றினால் மைலேஜ் குறையும், காலையில் எஞ்சின் மந்தமாக இருக்கும், வாரண்டி கேட்டுப் போகும்போது பேச வாய்ப்பு இருக்காது. தேய்ந்த எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்று கெட்டியாக ஊற்றுவது சில நாள் தள்ளிப்போடும் வழி, ரிப்பேர் இல்லை.

"கடைக்காரி வியாபாரத்துக்காகச் சொல்றா" என்பவர்களுக்கு: என் அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. எனக்கு லாபம் அதிகம் கிடைப்பது ஃபுல்லி சிந்தடிக்கில். அதை வாங்குங்கள் என்று இங்கே நான் எழுதவில்லை. உங்கள் 125க்கு மேனுவல் கேட்காதவரை அது கட்டாயமும் இல்லை.

வாங்கும்போது மூடிக்குக் கீழே இருக்கும் சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும் அழிக்கப்படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள், பில் கேளுங்கள். காலிக் கேனை அப்படியே பழைய சாமான் கடைக்குப் போடாமல் ஓட்டை போட்டுவிட்டுப் போடுங்கள். நல்ல கேனுக்கு நல்ல விலை கொடுத்து வாங்கி, உள்ளே பழைய ஆயிலை வடிகட்டி நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆயிலுக்கு கிரேடும் கிடையாது, தரமும் கிடையாது.

அளவையும் மேனுவலில் பாருங்கள். 900 மில்லி கேட்கும் வண்டியில் ஒரு லிட்டர் கேனை முழுக்கக் கவிழ்க்கக் கூடாது. மேனுவல் தொலைந்துபோயிருந்தால் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் பெரும்பாலும் பிடிஎஃப் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் வண்டியின் மாடலையும் வருடத்தையும் கீழே கருத்தில் எழுதுங்கள், கடை சாத்திய பிறகு பார்த்துப் பதில் போடுகிறேன்.