பூஞ்சை படிக்க ஆசைப்படும் பெண்ணை ஏன் தடுக்கிறீர்கள்?

மகளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் பயிற்சி வகுப்பில் உட்கார வைக்கலாமா, கடன் வாங்கி வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்கலாமா என்று கேட்டு ஓர் அம்மா வந்தார். மகள் கேட்பது மைக்ரோபயாலஜி, அதாவது பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களைப் பற்றிய படிப்பு. "டாக்டர் ஆக முடியாதவர்கள் படிக்கிற படிப்பு அது" என்று பெரியப்பா சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நீங்கள் கேட்ட இரண்டு வழிக்கும் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம். உங்கள் மகளிடம் தனியாகப் பேசினேன். மருத்துவம் பற்றிக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறாள். பூஞ்சை என்று சொன்னதும் நோட்டைத் திறக்கிறாள். பள்ளி மைக்ரோஸ்கோப்பில் பார்த்த இழைகளையும் வித்துகளையும் பக்கம் பக்கமாக வரைந்து வைத்திருக்கிறாள். யாரும் சொல்லிச் செய்த வேலை இல்லை அது.

பெரியப்பா சொன்னது தவறு என்பதை முதலில் பார்த்துவிடுவோம். காய்ச்சலோடு ஒருவர் வருகிறார். காரணம் பாக்டீரியா என்றால், நம் செல்லில் இல்லாத செல்சுவரைத் தாக்கும் பெனிசிலின் போன்ற ஆன்டிபயாடிக் உதவலாம். வைரஸ் என்றால் எந்த ஆன்டிபயாடிக்கும் பயன்படாது. அது செல்லே கிடையாது, நம் செல்லுக்குள் புகுந்துதான் பெருகும். மலேரியா மாதிரி ஒட்டுண்ணி என்றால் ரத்தத்தை ஸ்லைடில் தடவி, சாயமேற்றி, சிவப்பணுவுக்குள் தேட வேண்டும். நான்காவதாக, காரணம் பூஞ்சையாகவும் இருக்கலாம். நான்குக்கும் சிகிச்சை வேறு வேறு. இதில் எது என்று சொல்லத் தெரிந்த ஆள் லேபில் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய டாக்டரும் ஊகித்துத்தான் மருந்து எழுத வேண்டியிருக்கும்.

மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு, உணவுப் பரிசோதனை, ஆசிரியர் வேலை, இதெல்லாம் எல்லாரும் சொல்லும் வழிகள்தான். அவற்றைப் பற்றி விசாரித்தால் யாரும் சொல்வார்கள். நான் பேச வந்தது, பெரும்பாலோர் எட்டிக்கூடப் பார்க்காத மருத்துவப் பூஞ்சையியல் பற்றி, அதாவது மனிதருக்கு நோய் தரும் பூஞ்சைகளைப் பற்றிய துறை.

பூஞ்சையின் செல் நம்முடைய செல்லைப் போலவே உட்கரு கொண்டது. அதனால்தான் நம்மைக் காயப்படுத்தாமல் அதை மட்டும் கொல்லும் மருந்து செய்வது கஷ்டம். உடலுக்குள் பரவிய பூஞ்சைக்கு முக்கியமாகப் பயன்படும் மருந்து வகைகளை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். கையில் இருப்பதே இவ்வளவுதான் என்கிறபோது, வந்திருப்பது எந்தப் பூஞ்சை என்று சரியாகக் கண்டுபிடிப்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

ஓர் உதாரணம். நுரையீரல் திசு லேபுக்கு வருகிறது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் திசு கரைந்து பூஞ்சை இழைகள் தெளிவாகத் தெரியும். இழை மெல்லியதாக, குறுக்குச் சுவர்களோடு, ஏறக்குறைய 45 டிகிரியில் கிளை பிரிந்தால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையாக இருக்கலாம். அகலமாக, குறுக்குச் சுவர் அதிகம் இல்லாமல், செங்கோணத்தை ஒட்டிக் கிளை பிரிந்தால் மியூகர் என்ற பூஞ்சை வகையைச் சந்தேகிக்க வேண்டும். முன்னதற்கு வோரிகோனசோல் என்ற மருந்து கேட்கும். மியூகருக்கு அது வேலை செய்யாது. ஆம்போடெரிசின் பி என்ற வேறு மருந்து வேண்டும், பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையும் வேண்டும். அன்று மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கண் தவறினால் நோயாளிக்குத் தவறான மருந்து போகும்.

அப்புறம் கல்ச்சர், அதாவது லேபில் பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பது. சபோராடு அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் சில பூஞ்சைகள் இரண்டு மூன்று நாளில் வளரும். தோலைத் தாக்கும் சில வகைகளுக்கு நான்கு வாரம்கூடக் காத்திருக்க வேண்டும். வளர்ந்ததன் நிறம், மேல்பரப்பு, அடிப்பக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, லாக்டோஃபீனால் காட்டன் புளூ சாயத்தில் வித்துகளின் அமைப்பைப் பார்க்க வேண்டும். பொறுமையும் படம் வரையும் கண்ணும் உள்ளவர்களுக்கான வேலை. உங்கள் மகளிடம் இரண்டும் இருக்கின்றன.

2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்துப் புதிதாக விவரிக்கப்பட்டது கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை. பிறகு பல நாட்டு மருத்துவமனைகளில் பரவியது. பழைய முறைச் சோதனைகள் அதை வேறு கேண்டிடா என்று தவறாகக் காட்டின. நோயாளிகளிடமிருந்து எடுத்த கேண்டிடா ஆரிஸ் மாதிரிகளில் பலவற்றுக்கு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து வேலை செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் முன்னுரிமை தர வேண்டிய பாக்டீரியாக்களின் பட்டியலை 2017-இலேயே வெளியிட்டது. பூஞ்சைகளுக்கு அப்படி ஒரு பட்டியல், 19 பெயர்களோடு, 2022-இல்தான் வந்தது. இவ்வளவு காலம் கவனிக்காமல் விட்ட துறை இது. நன்றாகக் கற்றவர்களுக்கு இங்கே நிறைய வேலை காத்திருக்கிறது.

சரி, பணத்துக்கு வருகிறேன். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விருப்பமில்லாத படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். பாதியில் அவள் நின்றுவிட்டால் கடன் மட்டும் மிஞ்சும். அந்தச் சுமையை அவள் தலையில் குற்ற உணர்ச்சியாக ஏற்றுவீர்கள். மைக்ரோபயாலஜியிலும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டக் கூடாது. பட்டப்படிப்போடு நின்றால் சாதாரண லேப் வேலைதான் கிடைக்கும், சம்பளமும் குறைவாகவே இருக்கும். முதுகலையும் மருத்துவமனை லேப் பயிற்சியும் சேர்ந்தால்தான் பூஞ்சையியலுக்குள் நுழைய முடியும். அதனால் கையிலுள்ள பணத்தை ஐந்தாறு வருடத்துக்குப் பிரித்து வையுங்கள். சான்றிதழ் மட்டும் தரும் குறுகிய காலப் படிப்புகளுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

கல்லூரியில் சேர்க்கும் முன் லேபை நேரில் பாருங்கள். ஒரு மைக்ரோஸ்கோப்பை எத்தனை மாணவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள்? கிருமி வெளியே பரவாமல் காக்கும் உயிரியல் பாதுகாப்புப் பெட்டி வேலை செய்கிறதா? பூஞ்சைக் கல்ச்சரை மாணவர்களே வளர்க்கிறார்களா, படத்தில் மட்டும் காட்டுகிறார்களா? இந்தக் கேள்விகளை மகளே கேட்கட்டும், பதிலையும் அவளே எழுதிக்கொள்ளட்டும். பெரியப்பாவுக்கும் அவளே பதில் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.