பள்ளி அணியில் இருக்கும் பிள்ளைகள் நன்றாகப் படிப்பது விளையாட்டினால்தானா?

பள்ளி அணியில் விளையாடுகிறவர்களுக்கு மதிப்பெண் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றனவே, என் பையனைச் சேர்த்தால் மார்க் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது.

என் விஷயத்தையே சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் கணக்கில் ஃபெயில். ரேங்க் கார்டில் சிவப்பு மையைப் பார்த்த அன்றைக்கே அப்பா கைப்பந்துப் பயிற்சியை நிறுத்தி, ஷூவை எடுத்து அலமாரி மேல் போட்டுவிட்டார். அந்த வருடக் கடைசியில் யாராவது எங்கள் வகுப்பில் கணக்கெடுத்திருந்தால் 'விளையாடுவதில்லை, மார்க் குறைவு' என்ற கட்டத்தில்தான் என்னை எழுதியிருப்பார்கள். மார்க் போனதால் விளையாட்டு போனது, அந்தக் கட்டத்தைப் பார்க்கிறவருக்கோ அப்படியே தலைகீழாகத் தெரியும்.

டெக்சாஸில் 1984-இல் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள்: பாடத்தில் தேறாவிட்டால் சில வாரங்களுக்கு அணியில் ஆட முடியாது. அப்படி வடிகட்டிய பிறகு மிஞ்சுகிறவர்களின் சராசரியை மற்றவர்களோடு ஒப்பிட்டால் அணிக்காரர்கள் முன்னால் நிற்காமல் என்ன செய்வார்கள்? அப்புறம் வீட்டு வசதி, உடல்நலம், பயிற்சிக்குக் கூட்டிப்போக ஆள் இருப்பது, இவையெல்லாம் படிப்புக்கும் கைகொடுப்பவைதானே.

அதனால் பிள்ளையின் மார்க்கோ ஆசையோ தீர்மானிக்காமல், வெளியிலிருந்து ஏதோ ஒன்று வாய்ப்பைத் திறந்துவிட்ட இடங்களைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1972-இல் வந்த 'டைட்டில் 9' சட்டம் அப்படிப்பட்டது: அரசுப் பணம் பெறும் பள்ளி, கல்லூரிகளில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்றது அது. அதற்கு முன் உயர்நிலைப் பள்ளியில் 27 பெண்களில் ஒருவர்தான் விளையாடினார், 1978-க்குள் நான்கில் ஒருவர். பையன்கள் அதிகம் விளையாடிய மாநிலங்கள் பெண்களுக்கும் அதிக இடம் திறக்க வேண்டியிருந்தது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு பெட்சி ஸ்டீவன்சன் என்ற பொருளியலாளர் 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நூற்றுக்கு 10 பெண்கள் கூடுதலாக விளையாட வந்தால், கல்லூரிக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு 1 கூடினார்கள். சின்ன எண்தான், ஆனால் நான் நம்புகிற எண். அதுவும் கல்லூரியில் சேர்வதைப் பற்றியது, மார்க்கைப் பற்றியது இல்லை.

உங்கள் பையனுக்கு ஆசை இருந்தால் சேர்த்துவிடுங்கள், நேரம் வீணாகும் என்ற பயமும் வேண்டாம். 1970-களில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட நேரத்தைக் குறைத்து தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி வகுப்பு வைத்துப் பார்த்தார்கள், மதிப்பெண் குறையவில்லை. எனக்கும், பயிற்சி நின்ற சாயங்காலங்களில் கணக்குப் புத்தகம் மடியில் திறந்தே கிடந்தது, காது மட்டும் மைதானத்தில் பந்து விழும் சத்தத்தில் இருந்தது.