ஈரல் சுருங்கினவங்கட வயித்துத் தண்ணில கிருமி: நீங்க கேட்டதும் என்ட பதிலும்

கேள்வி (காத்தான்குடி): வாப்பாக்கு சிரோசிஸ் (ஈரல் சுருக்கம்), வயித்துல தண்ணி. காய்ச்சலும் இல்ல, நோவும் இல்ல, ஆனா ரெண்டு நாளா பகல்ல தூங்குறாரு, ஆள மாத்திப் பேசுறாரு. திங்கக்கிழமை கிளினிக்குக்குக் காட்டினாப் போதுமா டொக்டர்?

போதாது, இண்டைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போங்க. வயித்துத் தண்ணில கிருமி பிடிச்சா காய்ச்சல் வந்தே ஆகணும் எண்டு இல்ல, கனபேருக்கு இப்பிடி ஆள் தடுமாறுறது, மூத்திரம் குறையுறது, கண் மஞ்சள் திடீரெண்டு கூடுறது இவ்வளவுதான் வெளிய தெரியும். மலச்சிக்கலாலதான் இப்பிடி எண்டு நினைச்சு லாக்டுலோஸ் பாணியக் கூட்டிக் குடுத்துட்டு வீட்டுலயே வச்சிருக்கிறாங்க, பாணி வேணும்தான், அதுக்காக தண்ணிய டெஸ்ட் பண்ணாம விடேலாது. வாசல்லயே "சிரோசிஸ், வயித்துல தண்ணி, ரெண்டு நாளா தடுமாற்றம்" எண்டு சொல்லுங்க.

கேள்வி (கல்முனை): அம்மாட வயித்துல ஊசி குத்தி தண்ணி எடுக்கணுமாம். ரத்தம் உறையிறது குறைவு எண்டும் சொல்றாங்க, பயமா இருக்கு. போன முறை தண்ணி தெளிவாத்தானே இருந்த?

பயப்படாம சம்மதிங்க. பெரிய ரத்தக்கசிவு நூத்துல ஒராளுக்கும் குறைவு. தெளிவா இருந்தா கிருமி இல்ல எண்டு கண்ணால சொல்லேலாது, தண்ணில நியூட்ரோபில் எண்ட வெள்ளை அணுக்கள்ட எண்ணிக்கை ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 அல்லது அதுக்கு மேல இருந்தா கல்ச்சர் (கிருமிய வளர்த்துப் பாக்கிற டெஸ்ட்) ரிப்போர்ட் வரும் வரைக்கும் பாத்திட்டிருக்காம மருந்து தொடங்கணும். கல்ச்சருக்கு எடுக்கிற தண்ணிய கட்டிலடியிலயே ரத்தக் கல்ச்சர் போத்தலுக்குள்ள விடுறது நல்லம், அதுவும் முதலாவது அன்டிபயோட்டிக் (கிருமிய அழிக்கிற மருந்து) ஏத்துறதுக்கு முன்னமே. மறுகா நரம்பால செஃபோடாக்சிம் மாதிரி அன்டிபயோட்டிக், வழமையா 5 நாள்.

அதோட அல்புமின் எண்ட ரத்தப் புரதமும் ஏத்துவாங்க, முதல் நாள் கிலோவுக்கு 1.5 கிராம், மூணாம் நாள் 1 கிராம், அம்மா 60 கிலோ எண்டா 90 கிராமும் 60 கிராமும் வரும். இவ்வளவு எதுக்கு எண்டு கேக்காதீங்க, இந்த வருத்தத்துல ஆளக் கொண்டு போறது கனக்க கிட்னிதான். 1999ல வந்த ஸ்பெயின் ஆய்வுல அல்புமின் ஏத்தினவங்கள்ள கிட்னி பழுதாகிறது 33 வீதத்துல இருந்து 10 வீதத்துக்கு இறங்கின.

கேள்வி (அக்கரைப்பற்று): கிருமி சுகமாகி வீட்ட வந்திட்டம். இன்னும் எதுக்கு சிப்ரோ எண்ட அன்டிபயோட்டிக் குளிசை?

தடுப்புக் குளிசை இல்லாட்டி பத்துல ஏழு பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப வரலாம், அதால டொக்டர் சொல்லாம நீங்களா நிப்பாட்டாதீங்க. கேஸ்ட்ரிக் எண்டு ஒமெப்ரசோல் வருஷக்கணக்கா போட்டுட்டு வாறவங்க, அது இன்னும் வேணுமா எண்டு கேளுங்க, சும்மா போட்டா இந்தக் கிருமி வாற சான்ஸ் கூடும்.

கேள்வி (வாழைச்சேனை): நண்டு, மட்டி சாப்பிடலாமா? முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனாக் போடலாமா?

நல்லா வெந்ததா இருந்தா சாப்பிடலாம், பச்சையாவோ அரை அவியலாவோ வேணவே வேணாம், விப்ரியோ எண்ட கடல் கிருமி ஈரல் சுருங்கினவங்கட ரத்தத்துல ஏறினா ஆளையே கொண்டு போயிரும். கால்ல புண்ணோட வாவித் தண்ணிக்குள்ள இறங்குறதும் அதே ஆபத்து. உப்புக்காக கருவாட்ட விடுங்க. டைக்ளோபெனாக், புரூபன் ரெண்டும் கிட்னிய அடிக்கும், தொடாதீங்க. நோவுக்கு பனடோல், ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல போகாம, அதுவும் உங்கட டொக்டர்ட கேட்டுட்டு.